வாடிப்பட்டி மேளமும் வானொலி மெட்டும்

ஒரு மெட்டைக் கோடிக்கணக்கானோர் அறிந்திருக்க, அதனை ஆக்கியவரின் பெயரை ஆயிரவரில் ஒருவரும் அறியாதிருப்பது உலகில் புதுமையன்று. தாலாட்டும் ஒப்பாரியும் அவ்வாறே நம்மிடையே வாழ்ந்து வருகின்றன. ஆயினும் தாலாட்டுக்கு இன்னார்தாம் ஆசிரியர் என்று எவரும் உரிமை கொண்டாடுவதில்லை. நாம் ஈண்டு சொல்லப்புகும் மெட்டுக்கோ ஆசிரியர் ஒருவர் உண்டு. அவர் நம் நாட்டவர் அல்லர். நம் மொழியினர் அல்லர். தம் மண்ணில் வாழ வழியற்றுக் கடல் கடந்து வந்த ஏதிலி. அகில இந்திய வானொலியின் அடையாள மெட்டே அது. தம்பூராவின் சுருதி மெல்ல எழ, அதன்மேல் ஒரு வயலின் சில நொடிகள் இழையும் அந்த மெட்டைக் கேட்டு விடியலை அறிந்த தலைமுறைகள் நம் நாட்டில் பல.

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையில், வடக்கே சிறுமலைத் தொடர் அரணாக நிற்க, பெரியாற்றுக் கால்வாயின் நீரால் வயல் செழிக்கும் ஊர் வாடிப்பட்டி. 1939ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் தொடங்கப்பெற்ற பின்னர், தென்பாண்டிச் சீமையின் ஊர்கள்தோறும் அம்மெட்டு வந்து சேர்ந்தது. ஊராட்சி வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கி வழியாக, ஏர் பூட்டுவோரும் சந்தைக்குச் செல்வோரும் பள்ளிவாசலிலிருந்து சுபுஹுத் தொழுகை முடித்துத் திரும்புவோரும் அதனை ஒருங்கே கேட்டனர். அதே வாடிப்பட்டிக்கு மற்றுமோர் ஒலியும் உரியது. ஊர்ப்பெயரையே தன் பெயராகக் கொண்ட ‘வாடிப்பட்டி மேளம்’ அது. தென்மாவட்டங்களில் திருவிழாவாயினும் திருமணமாயினும் அரசியல் ஊர்வலமாயினும் இறுதிப் பயணமாயினும், ‘வாடிப்பட்டி மேளம் வருகிறது’ என்றால் தெருவே வாசலுக்கு வந்து நிற்கும்.

இவ்விரண்டு ஒலிகளையும் ஒரே கட்டுரையில் இணைப்பதேன் என்று வாசகர் வினவலாம். அந்த வானொலி மெட்டை ஆக்கியவரின் வரலாறு, நம் வீட்டு வாசலில் நிற்கும் மேளக்காரரைப் பற்றி நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறது என்பதே நமது விடை.

திருமணப் பந்தலிலிருந்து அரங்கத்துக்கு

கேள்விக்கு வருமுன், கிழக்கு ஐரோப்பாவின் யூத ஊர்களுக்கு ஒருமுறை சென்று வருதல் நலம். ருஷ்யப் பேரரசின் மேற்கு மாநிலங்களிலும் போலந்து, ருமேனியா முதலிய பகுதிகளிலும் வாழ்ந்த யூதர்களிடையே, தலைமுறை தலைமுறையாகத் திருமணங்களில் வாசித்துப் பிழைத்த இசைக் குடும்பங்கள் இருந்தன. அவர்களைக் ‘கிளெஸ்மர்’ என்றனர். எபிரேய மொழியில் இசைக் கருவிகளைக் குறித்த சொல் அது. நாளடைவில் கருவியை ஏந்திய மனிதனுக்கே பெயராயிற்று. நம்மூரில் மேளத்தை ஏந்தியவர் மேளக்காரர் ஆனதைப் போன்றதே இது.

வயலினும், காஷ்மீரத்துச் சந்தூருக்கு உறவான ‘சிம்பல்’ என்னும் தந்திக் கருவியும், பிற்காலத்தில் கிளாரினெட்டும், ஒரு முழவும் அவர்களுடைய கருவிகள். மணப்பெண்ணை ஆசனத்தில் அமர்த்தும் சடங்கில், பெற்றோரைப் பிரியும் துயரை வயலினில் இழைத்து அவளை அழவைப்பது அவர்கள் கடமை. அடுத்த நாழிகையில் ஊரையே ஆடவைப்பதும் அவர்கள் கடமை. வயலினில் விம்மலும் விக்கலும் தோன்றும்படி வாசிப்பது அவர்களின் தனித்திறன். அவர்களின்றித் திருமணம் இல்லை. ஆனால் திருமணம் முடிந்தபின் அவர்களுக்கு மதிப்பும் இல்லை. இசைக்கல்லூரியில் பயின்ற யூத இளைஞர்களே, சுரக்குறிப்பு வாசிக்கத் தெரியாதவனை இகழ்வதற்குக் ‘கிளெஸ்மர்’ என்ற சொல்லைப் பயன்படுத்திய காலமும் உண்டு.

இந்நிலை மாறத் தொடங்கியது ருஷ்யாவில். பீட்டர்ஸ்பர்க் இசைக்கல்லூரி 1862இல் ஆன்டன் ரூபின்ஸ்டைனால் தொடங்கப்பெற்றது. அங்கே நெடுங்காலம் ஆசானாக விளங்கியவர் ரிம்ஸ்கி கோர்சகோவ். ஆயிரத்தோர் இரவுகள் என்னும் அரபுக் கதைக் கொத்தைக் கருவாகக் கொண்டு 1888இல் ‘ஷெஹரசாத்’ என்னும் இசைப் படைப்பை ஆக்கியவர் அவரே. ருஷ்யக் குடியானவரின் பாடல்களிலிருந்து உயரிய இசையை எழுப்பலாம் என்பது அவருடைய தலைமுறை நிறுவிய கொள்கை. தம் யூத மாணவர்களையும் அவர்களுடைய சொந்த மக்களின் இசைக்குத் திரும்புமாறு அவர் ஊக்கினார். அவர் மறைந்த ஆண்டாகிய 1908இலேயே பீட்டர்ஸ்பர்க்கில் யூத நாட்டுப்புற இசைக் கழகம் பிறந்தது. யோவேல் எங்கல், மிகயில் க்னேசின், ஜோசப் அக்ரோன் முதலியோர் அதில் பணியாற்றினர். 1912 முதல் 1914 வரை எழுத்தாளர் அன்ஸ்கி தலைமையில் சென்ற ஆய்வுக் குழு, சிற்றூர்கள்தோறும் அலைந்து முதியோரின் பாடல்களையும் வாத்திய மெட்டுகளையும் மெழுகு உருளைகளில் பதிவு செய்தது. எங்கலும் அப்பயணத்தில் பங்கேற்றார்.

அக்குழு பதிவு செய்த ஊர்களில் பல, முப்பது ஆண்டுகளுக்குள் நாஜிப் படையால் மக்களோடு அழிக்கப்பட்டன. பாடியோர் மறைந்தனர், மெழுகில் பதிந்த குரல் மட்டும் எஞ்சியது. அன்று ஒருவர் கருவியைத் தூக்கிக்கொண்டு அச்சிற்றூர்களுக்குச் செல்லாதிருந்தால் அதுவும் எஞ்சியிராது.

அக்கழகத்தின் இசை புலம்பெயர்ந்தோருடன் உலகெங்கும் சென்றது. பீட்டர்ஸ்பர்க் கல்லூரியில் பயின்ற அறுவர் கொண்ட குழுவொன்று ஆசியா வழியாகப் பயணம் செய்து நியூயார்க்கை அடைந்தது. அவர்களுக்காக 1919இல் ருஷ்ய இசைமேதை புரோகோஃபியேவ் யூத மெட்டுகளைக் கொண்டு ஒரு படைப்பை எழுதித் தந்தார். கிளாரினெட்டும் நான்கு வில்லிசைக் கருவிகளும் பியானோவும் சேர்ந்து ஒலிக்கும் அப்படைப்பில், திருமணப் பந்தலின் கிளெஸ்மர் அரங்கத்தின் நடுவில் வந்து அமர்ந்துவிட்டான். அக்ரோனும் 1925இல் அமெரிக்கா சென்று அங்கேயே வாழ்ந்து இசை படைத்தார். வாயிலில் நின்ற இசை கூடத்துக்குள் நுழைந்தது இவ்வாறுதான்.

பம்பாய்க்கு வந்த ஏதிலி

நம் நாட்டிற்கு வந்தவர் ருஷ்யர் அல்லர். வால்ட்டர் காஃப்மன் என்னும் அவ்விசைஞர் 1907இல், இன்று செக் குடியரசில் கார்லோவி வாரி என வழங்கும் கார்ல்ஸ்பாத் நகரில் பிறந்தவர். ஜெர்மன் மொழி பேசிய யூதர். பெர்லினில் ஃபிரான்ஸ் ஷ்ரேக்கரிடம் இசையாக்கமும், கர்ட் சாக்ஸ் என்னும் பேரறிஞரிடம் இசை ஆராய்ச்சியும் பயின்றார். பிராக் நகரின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டத்திற்குப் படித்தார். தம் பேராசிரியர் நாஜி இயக்கத்தைச் சார்ந்தவர் என்று அறிந்ததும், அவர் கையால் வரும் பட்டம் வேண்டா எனத் துறந்தார்.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்த மறு ஆண்டாகிய 1934இல் காஃப்மன் பம்பாயில் கரையிறங்கினார். அவர் இந்தியாவைத் தேர்ந்ததற்குக் காரணம் இசையன்று. இங்கு வர அனுமதி எளிதில் கிடைத்தது என்பதேயாம். அவருடைய மனைவி கெர்ட்டி, எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்காவின் சகோதரி எல்லியின் மகள். அந்த எல்லி அம்மையாரை நாஜிகள் 1941இல் போலந்தின் லோட்ஸ் நகரத்து அடைப்புச் சேரிக்குக் கொண்டு சென்றனர், அவர் மீளவில்லை. மகளும் மருமகனும் எத்தகைய தீயிலிருந்து தப்பினர் என்பதற்கு இது ஒன்றே சான்று.

பம்பாயில் அவர் முதலில் கேட்ட இந்திய இசைத்தட்டுகள் அவருக்கு விளங்கவேயில்லை. அந்நியமாகவும் அணுக முடியாததாகவும் அவை ஒலித்தன. அந்நாளில் இங்கு வந்த வெள்ளையர் பலருக்கும் நேர்ந்த அனுபவந்தான் இது. அவர்கள் ‘இது இசையன்று, இரைச்சல்’ என்று எழுதிவைத்துவிட்டுத் தம் விடுதிக்குத் திரும்பினர். காஃப்மனோ வேறு விதமாக எண்ணினார். இவ்விசையை ஆக்கியோர் இதயமும் அறிவும் உடைய மனிதர். இதனை விரும்பிக் கேட்போர் பல கோடி. ஆகவே குறை தம்மிடத்தே இருக்கவேண்டும். அதனைப் போக்கும் வழி, இவ்விசை பிறக்கும் இடத்துக்கே சென்று கேட்பது என்று அவர் முடிவு செய்தார். பிற்காலத்தில் அவரே கூறிய விளக்கத்தின் சாரம் இது. இசை வரலாற்றில் இதனினும் பெரிய பணிவை நாம் அதிகம் கண்டதில்லை.

அவ்வாண்டிலேயே பம்பாய் அறையிசைக் கழகத்தை அவர் நிறுவினார். வாரந்தோறும் கச்சேரி என்று தொடங்கி, மூன்றே ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட கச்சேரிகளை அது நடத்தியது. அவருடன் வயலின் வாசித்தவர்களுள் பார்சி வகுப்பைச் சேர்ந்த மெஹ்லி மேத்தா ஒருவர். உலகப் புகழ் பெற்ற சுபின் மேத்தாவின் தந்தை அவர். 1936 ஜூன் மாதத்தில் இந்திய அரசின் ஒலிபரப்புத் துறைக்கு ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்னும் பெயர் சூட்டப்பெற்றது. அடையாள மெட்டு பிறந்ததும் அக்காலத்தையொட்டியே. அதனை வேறு சிலருக்கு உரிமையாக்கிக் கூறுவாரும் உண்டெனினும், காஃப்மனின் ஆக்கமே அஃது என்பது பெரும்பாலோர் கொள்கை. வயலினை வாசித்தவர் மெஹ்லி மேத்தாவே என்றும் கூறுவர். 1937 முதல் 1946 வரை காஃப்மன் பம்பாய் வானொலியில் மேனாட்டு இசைப் பிரிவின் தலைவராக விளங்கினார். திரைப்படங்களுக்கு இசையமைத்தார். ‘அனசூயா’ என்னும் வானொலி இசை நாடகத்தையும் படைத்தார்.

அம்மெட்டு சிவரஞ்சனி இராகத்தில் அமைந்தது. நம் முறையில் அது கரகரப்பிரியா என்னும் 22ஆம் மேளத்தின் வழிவந்த ஐந்து சுர இராகம். சட்ஜம், சதுசுருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், பஞ்சமம், சதுசுருதி தைவதம் என்பன அதன் சுரங்கள். நெஞ்சை உருக்கும் தன்மையால் திரையிசையிலும் அது பெரிதும் பயின்று வருகிறது. ஊரிழந்த ஒருவர் ஒரு நாட்டின் விடியலுக்கு மெட்டமைக்க நேர்ந்தபோது, இத்துணை இராகங்களுள் துயரின் நிழல் படிந்த இதனைத் தேர்ந்துகொண்டது எண்ணத் தக்கது.

உறவுடைய சுரங்கள்

1946இல் காஃப்மன் இந்தியாவை விட்டு இங்கிலாந்து சென்றார். பின் கனடா சென்று, 1948 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் வின்னிபெக் நகர இசைக்குழுவை நடத்தினார். அவ்வாண்டில் அவர் எழுதிய வாத்திய இசைப் படைப்பு ஒன்றுக்கு ‘மதராஸ் எக்ஸ்பிரஸ்’ என்றே பெயரிட்டார். 1957 முதல் அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். வடஇந்திய இராகங்களைப் பற்றி 1968இலும், தென்னிந்திய இராகங்களைப் பற்றி 1976இலும் இரு பெருநூல்களை வெளியிட்டார். 1984இல் மறைந்தார். அவருடைய படைப்புகளில் பல நெடுங்காலம் தாளிலேயே உறங்கின. கனடா நாட்டுக் குழுவொன்று அவற்றுள் சிலவற்றைப் பதிவு செய்து 2020இல் வெளியிட்ட பின்னரே உலகம் அவரை மீண்டும் கேட்கத் தொடங்கிற்று.

தென்னிந்திய இராகங்களைப் பற்றிய அவருடைய நூல் 72 மேளங்களின் வரிசையில் சுர அமைப்புகளைத் தொகுத்துரைப்பது. அத்தகைய வரிசையை ஊன்றி நோக்குவோர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. கிளெஸ்மர்கள் விரும்பி வாசித்த சுர வரிசைகளுள் ஒன்று, நம் வகுளாபரணமாகிய 14ஆம் மேளத்தோடு ஒத்துப்போகிறது. மற்றொன்று 58ஆம் மேளமாகிய ஹேமவதியோடு பொருந்துகிறது. முன்னதற்கு அரபு, துருக்கி நாடுகளில் நெருங்கிய உறவினர் உண்டு. ‘ஹிஜாஸ்’ என்று அதற்குப் பெயர். பல நாடுகளில் பாங்கோசை எழுவதும் அச்சாயலிலேதான். பாங்கு இசையன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும் மோதினாரின் குரல் நடக்கும் பாதைக்கு இசையறிஞர் வைத்த பெயர் அது. உதுமானியப் பேரரசின் ஆட்சி படர்ந்திருந்த ருமேனிய நிலப்பகுதிகள் வழியாகவும் இஸ்தான்புல் நகருக்குச் சென்று வந்த வாத்தியக்காரர்கள் வழியாகவும் கிளெஸ்மர் இசையில் கீழ்த்திசையின் சாயல் கலந்தது.

சுர வரிசை ஒன்றாயினும் கமகமும் நடையும் வேறு வேறு. ஆகவே இவையெல்லாம் ஓரிடத்தில் பிறந்தவை என்று துணிந்து கூறிவிடுதல் தகாது. எனினும் ஒருவர்க்கு அயலாகத் தோன்றும் இசை, செவியைச் சற்றே திருப்பிவைத்தால் அயலாக இராது என்பதற்கு இவ்வொற்றுமை போதிய சான்றாகும். நாகூர் தர்காவில் நாகசுரம் ஒலிப்பதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது விளங்காததன்று. ஆந்திர நாட்டுக் கரவதியில் முஸ்லிம் நாகசுரக் குடும்பத்தில் பிறந்து, நாச்சியார்கோவில் மரபில் பயின்று, திருவரங்கத்தில் குடியேறி, 1998இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்ற ஷேக் சின்ன மௌலானா நம் கண்முன் வாழ்ந்தவரே.

நம் வாசலில் நிற்பவர்

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் நம் இசை விளங்காதபோது தம் செவியைக் குறை கூறினார். நம் ஊரிலேயே பிறந்த இசையைக் குறித்து நாம் என்ன கூறுகிறோம்?

உறுமியும் பம்பையும் தவிலும் தப்பும் தென்பாண்டி ஊர்வலங்களின் உயிர்நாடி. பிணத்தின் முன் ஓர் அடி. மணமகன் முன் வேறோர் அடி. சாமி புறப்பாட்டுக்கு மற்றோர் அடி. எந்த அடி எதற்குரியது என்பதை மூன்று தெருவுக்கு அப்பாலிருந்தே மக்கள் அறிவர். இத்தனை நுட்பமும் தாளில் எழுதப்பெறாமல் தந்தையின் கையிலிருந்து மகனின் கைக்கு வந்தது. ஆனால் அடித்தவரின் பெயர் அழைப்பிதழில் வருவதில்லை. ‘மேளதாளத்துடன்’ என்ற ஒற்றைச் சொல்லே வரும். நேற்றுவரை பல ஊர்களில் அவருக்குக் கூலி வெளியிலே கொடுக்கப்பட்டது. பந்தியில் அவருக்குக் கடைசி வரிசை. கலைஞனின் கலையை வேண்டி, கலைஞனை வேண்டாதிருத்தல் பீட்டர்ஸ்பர்க்கின் இசைக்கல்லூரிக்கு மட்டும் உரிய நோய் அன்று.

மதுரைச் சீமையில் இந்நோய்க்கு மருந்து கண்டவர் ஒருவர் உண்டு. அந்நாளில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பண்ணைபுரத்தில் பிறந்த இளையராஜா, 1976இல் ‘அன்னக்கிளி’ வழியாகக் கிராமத்து மெட்டுகளை வயலின் குழுவோடு இணைத்து நாடெங்கும் ஒலிக்கச் செய்தார். 1986இல் ‘ஹௌ டு நேம் இட்’ என்னும் தொகுப்பில் கருநாடக இசையையும் மேனாட்டு மரபையும் எதிரெதிரே அமர்த்தி உரையாடவைத்தார். 2025 மார்ச்சில் இலண்டன் மாநகரில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது. எங்கலும் அக்ரோனும் தம் மக்களின் இசைக்குச் செய்ததை ஒத்த பணி இது. ஆயினும் ஒரு மேதை அரங்கம் ஏறியதால் ஊரிலுள்ள வாத்தியக்காரர் அனைவரும் ஏறிவிட்டதாக நாம் அமைதியடைதல் பொருந்தாது. அன்ஸ்கியின் குழு செய்த பணி, மேதையின் பணிக்கு முன்னும் பின்னும் செய்யப்பட வேண்டிய பணி. அதற்கு மேதைமை வேண்டியதில்லை. பொறுமையுள்ள செவி போதும்.

வாடிப்பட்டியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் முதிய மேளக் கலைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் உள்ள அடிகளுக்கு அவர்களே வழங்கும் பெயர்கள் யாவை, எந்த அடி எந்தச் சடங்குக்கு உரியது, யாரிடம் யார் பயின்றார் என்பனவற்றை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். அன்று மெழுகு உருளையைச் சுமந்துகொண்டு வண்டியில் அலைந்தனர்; இன்று ஒவ்வோர் இளைஞனின் சட்டைப்பையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. மதுரைக் கல்லூரிகளின் தமிழ்த்துறை மாணவர் ஒருவர் ஓராண்டு முயன்றால் ஒரு நூலுக்கு வேண்டிய செய்தி சேரும். பதிவு செய்வோர், வாசித்தவரின் பெயரைத் தலைப்பிலும் ஊதியத்தை அவர் கையிலும் சேர்த்தல் முறை.

காஃப்மனின் பெயரை நாம் அறியாது அவர் மெட்டைக் கேட்டோம். அந்தக் கடனை இனி அவர்க்கு நேரே தீர்க்க வழியில்லை. மேளக்காரரின் பெயரைக் கேட்டறிய இன்னும் வழி இருக்கிறது. அடுத்த முறை வாடிப்பட்டி மேளம் தெருவில் வரும்போது, முன்னால் நின்று அடிப்பவரை அழைத்து, ‘ஐயா, உங்கள் பெயர் என்ன? இந்த அடிக்கு என்ன பெயர்?’ என்று கேட்போம்.